‘அப்பா’ என்ற ஃபோல்டர்

இனயம்,
6 அக்டோபர் 2024

அன்புள்ள சிஸ்டர் அவர்களுக்கு,

‘அக்கா’ என்று தொடங்கித்தான் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். நீங்கள் மடத்துக்குள் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கிறிஸ்துமஸ்தோறும் நீங்கள் எழுதியதெல்லாம் வந்தது. பெபிஷா வாசித்து மாமியாருக்குச் சொல்வாள். நான் பதில் போடவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவைக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷம் கழிவதற்குள் நீங்களும் கம்பிக்கதவுக்குப் பின்னால் போய்விட்டீர்கள். அம்மாவை என் தலையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதைப் பேச இப்போது எழுதவில்லை.

ஒரு கெட்ட செய்தி. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனபோது நீங்கள் என் கையில் தந்த லேப்டாப் கெட்டுப்போய்விட்டது.

என் மகள் ஆஷ்லினுக்கு வருகிற மே மாதம் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் அன்றைக்கு வீட்டில் எல்லாரும் கூடும்போது அப்பா பேசுகிற வீடியோவைப் போட்டுக் காட்டலாம் என்று பெபிஷா சொன்னாள். ஆஷ்லின் பிறக்கும்போது அப்பா இல்லையே. போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, லேப்டாப்பை எடுத்துச் சார்ஜ் போட்டேன். திறந்தது. ‘அப்பா’ என்று நீங்கள் பெயர் போட்ட ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒரேயொரு வீடியோ. நகம் அளவுக்கு ஒரு படம் தெரிந்தது, அப்பாவின் தோளும் பாதி முகமும். முதலில் பென் டிரைவில் ஏற்றிவிடலாம் என்று காப்பி கொடுத்தேன். பச்சைக் கோடு பாதி தூரம் போய் நின்றது. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். பிறகு திரை நீலமாகி அணைந்தது. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

நாகர்கோவிலில் எட்சன் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “ஹார்ட் டிஸ்க் போச்சு மக்கா. உள்ள தட்டுல உரசியிருக்கு. இனி ஆன் பண்ணாத, இருக்கதும் போவும்” என்றார். சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார். கொடுத்திருக்கிறேன்.

வேறு எங்காவது அதை எடுத்து வைத்திருக்கிறீர்களா? கல்லூரியில், தோழிகளிடம், யாரிடமாவது? அதைக் கேட்கத்தான் எழுதினேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

லிபின்


திண்டுக்கல்,
20 அக்டோபர் 2024

அன்புத் தம்பி லிபின்,

எங்கள் மடத்து மதர் கடிதத்தைத் தந்தபோது உறையின்மேல் உன் கையெழுத்து. எங்கே போகிறேன் என்று தெரியாமல் தோட்டம்வரை நடந்து போய்விட்டேன். மடத்தில் எனக்கு வேறு பெயர். ஆனால் உனக்கு நான் விக்டோரியாதான். சிஸ்டர் என்றும் நீங்கள் என்றும் எழுதாதே.

வேறு பிரதி இல்லை. கேமரா கல்லூரியுடையது. மறுநாளே அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. இயந்திரத்தில் இருப்பது என்றாவது போகக்கூடியதுதான். அப்பா நம் செபங்களில் இருக்கிறார். இறைவன் நமக்கு எது தேவையோ அதைத் தருவார். உனக்காகவும் பெபிஷாவுக்காகவும் குழந்தைக்காகவும் தினமும் வேண்டுகிறேன். அம்மாவை அன்போடு பார்த்துக்கொள்கிறாய் என்று அறிவேன்.

அன்புடன்,
விக்டோரியா

லேப்டாப்பை எங்கே வைத்திருந்தாய்?


இனயம்,
5 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சரி, அக்கா என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போய் ஒரு எஞ்சினைக் கழற்றினேன். கழற்ற வேண்டிய எஞ்சின் அல்ல. அவ்வளவு கோபம். இயந்திரத்தில் இருப்பது போகக்கூடியதுதான் என்று உன்னால் எழுத முடிகிறது. இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊர் முழுவதும் பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. நம் வீட்டுக்குப் போக ஒரு கல்லறை இல்லை. ஒக்கிப் புயலில் போன வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அம்மா நடை வாசலில் ஒரு திரி கொளுத்தி வைத்தாள். காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தவில்லை. உள்ளே வந்து பாத்திரம் கழுவினாள். அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி ஏழு வருஷம் ஆகிறது. இதெல்லாம் உனக்குத் தெரியாது. நீ செபிக்கிறாய்.

எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டாய். பரணில். பிளாஸ்டிக் கவரில் சுற்றி. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்று எஞ்சின் பணி செய்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு பென் டிரைவில் ஏற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுவும் தெரியும். பெபிஷா எத்தனையோ முறை சொன்னாள். நாளைக்கு, அடுத்த வாரம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த வீடியோவை ஒருநாளும் பார்த்ததில்லை. பிளஸ் டூ முடித்ததும் அப்பா என்னை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு தடவைதான். இனி கடலுக்கு வரமாட்டேன் என்று ஐ.டி.ஐ.யில் போய்ச் சேர்ந்தேன். அதிலிருந்து அப்பா என் முகம் பார்த்துப் பேசியது குறைவு. கடைசியாக வீட்டை விட்டு இறங்கும்போதும் அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொன்னார், ஆஷ்லினைச் சுமந்துகொண்டிருந்த பெபிஷாவிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. அந்த வீடியோவில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாரோ என்று பயம். அதனால் திறக்கவில்லை.

சென்னையிலிருந்து பதில் வரவில்லை. வந்தால் பார்ப்பேன். இந்த முறை கண்டிப்பாகப் பார்ப்பேன். வராவிட்டால் என்ன செய்வது? அதில் என்னதான் இருந்தது அக்கா? பார்த்தவள் நீ ஒருத்திதான்.

லிபின்


திண்டுக்கல்,
24 நவம்பர் 2024

என் லிபின்,

போன கடிதத்தில் நான் எழுதியது உனக்கு அல்ல, எனக்கு. ஒரு கன்னியாஸ்திரி எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதினேன். எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு, துணி துவைக்கிற இடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறது என்று பார்க்க வந்த மதர் குழாயை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இங்கே வரும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். முடி, பெயர், போன், நம் வீட்டு மீன்கறி. அந்த வீடியோவை இனி நான் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துதான் உன் கையில் தந்தேன். ஆனால் அதை விடவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அது நம் வீட்டில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்குப் போதுமாக இருந்தது. அப்பா சொன்ன வார்த்தைகள் நினைவிருக்கின்றன லிபின். குரல் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன், என் குரலில்தான் கேட்கிறது. அப்போதெல்லாம், பரவாயில்லை, லிபினிடம் இருக்கிறது என்று சமாதானப்படுத்திக்கொள்வேன்.

என்ன இருந்தது என்று கேட்டாய். எழுதுகிறேன்.

நான் நாகர்கோவிலில் எம்.ஏ. படித்த வருஷம். கேமராவைப் பழகிப் பார்க்க அப்பாவை உட்காரவைத்தேன். ஊர்த் திருவிழாவுக்கு எடுத்த கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். கீழே அழுக்குச் சாரம், இங்கே கைலி என்பார்கள். “மேல மட்டும்தானே தெரியும்” என்றார். பேர் சொல்லுங்கள் என்றேன். “ஒனக்குத் தெரியாதா எனக்க பேரு?” என்றார். கேமராவுக்காக அப்பா என்றேன். தொண்டையைச் செருமி, பள்ளிக்கூடத்துப் பையன்போல “செல்வதாஸ்” என்றார்.

கடலில் பயம் வருமா என்று கேட்டேன். “கடல்ல வராது. திரும்பி கரையக் காணும்போதாக்கும் பயம். வீட்டுல என்ன ஆச்சோன்னு” என்றார். குஜராத் பக்கம் எஞ்சின் நின்று கிடந்த கதையைச் சொன்னார். பச்சை மீனை வெயிலில் காயவைத்துத் தின்றார்களாம்.

பிறகு உன்னைப் பற்றி. “எளையவன் எஞ்சின் பணி படிச்சிருக்கான். அவன் எஞ்சின்ல காது வச்சுக் கேட்டாலே நோவு எங்கன்னு பறயுவான். எங்க சங்கத்துல ஒருத்தனுக்கும் அது தெரியாது” என்றார். சொல்லும்போது கேமராவைப் பார்த்தார். வேறு எப்போதும் பார்க்கவில்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதில் எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது. கிறிஸ்துமஸ் கழித்து எழுது.

விக்டோரியா


இனயம்,
28 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் நன்றாக நடந்தது. ஆஷ்லின் குடிலுக்குச் சோடனை செய்தாள்.

சென்னையிலிருந்து வந்துவிட்டது. ஒன்றும் எடுக்க முடியவில்லை. எட்சன் டிஸ்க்கைத் திறந்தே காட்டினார். கண்ணாடிபோல இருக்க வேண்டிய தட்டில் வட்டமாக ஒரு கீறல், சுற்றிலும் கறுத்த பொடி. “அந்தப் பொடிதான் உள்ள இருந்த எல்லாம்” என்றார். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வடசேரி வரை நடந்தேன். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

உன் கடிதத்தை எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதே. அப்பா அப்படிச் சொன்னாரா? நீ பொய் சொல்லமாட்டாய் என்று தெரியும். ஆனால் எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால், ஊசி வலிக்காது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறவளும் நீதானே. அப்பா ஊரில் என்னைப் பற்றிச் சொன்னது எனக்குத் தெரியும். வள்ளம் தள்ளத் தெரியாதவன் என்றார். வலைக்காரன் வீட்டில் ஸ்பானர்க்காரன் என்றார். அதே வாய் இதைச் சொன்னதா? எதிரில் இருந்தது நீ. இப்போது சாட்சிக்கு அந்தக் கறுத்த பொடிதான் இருக்கிறது.

நான் ஆறுதலுக்காகக் கேட்கவில்லை. உண்மை என்னவானாலும் அதையே எழுது.

லிபின்


திண்டுக்கல்,
12 ஜனவரி 2025

லிபின்,

நீ கேட்டது சரிதான். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுவதும் சொல்லவில்லை. அதைத்தான் நீ மோப்பம் பிடித்திருக்கிறாய்.

எஞ்சின் பேச்சுக்கு முன்னால் அப்பா வேறொன்று சொன்னார். உனக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அவன ஒருக்கா கொண்டுபோனேன். ஏறின மொத நாளே சத்தி எடுத்தான். ரெண்டாம் நாள் ரத்தமா வந்துது. கிடந்த கிடையில ‘எனக்க அம்மா’ன்னு கரஞ்சான். வள்ளத்துல உள்ளவனெல்லாம் சிரிச்சான். எனக்கு நாணமாப் போச்சு. அவன எழுப்பி நிறுத்தி கன்னத்துல அடிச்சேன். பெலமா அடிச்சேன். அவன் மேல உள்ள கோவத்துல இல்ல. சிரிச்சவனுவள அடிக்க முடியாதே, அதுக்காக்கும். அவன் அதுக்குப் பெறகு கரயல்ல. அதுதான் எனக்குத் தாங்கல்ல.”

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் எஞ்சினைப் பற்றிச் சொன்னார். அவனிடம் இதைச் சொல்லுங்கள் அப்பா என்றேன். “போ ஏட்டி, தகப்பன் மகன்கிட்ட அதெல்லாம் பறயுவானா?” என்று எழுந்துவிட்டார். சாரம் அப்போதுதான் கேமராவில் தெரிந்தது. அவ்வளவுதான் வீடியோ.

நானாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீயே பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

விக்டோரியா


இனயம்,
5 பிப்ரவரி 2025

அக்கா,

அந்த அடி விழுந்தது எனக்கும் அப்பாவுக்கும் வள்ளத்தில் இருந்தவர்களுக்கும் மட்டும் தெரிந்தது. அவர்களில் பாதிப்பேர் அப்பாவோடு போய்விட்டார்கள். நான் அம்மாவிடம் சொன்னதில்லை, பெபிஷாவிடம்கூடச் சொன்னதில்லை. கன்னம் வீங்கியதற்கு, கயிறு தெறித்தது என்று சொன்னேன். நீ அதை அறிந்திருக்க ஒரே வழிதான் உண்டு.

அப்படியானால் மற்றதும் உண்மைதான்.

இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து அயலை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பேசின வீடியோ போய்விட்டது, இனி கிடைக்காது என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. “அக்கா அதுல உள்ளத எழுதியிருக்கா, வாசிக்கட்டா?” என்றேன். அடுத்த மீனை எடுத்தாள். பெபிஷா கண்ணைக் காட்டினாள். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

அழுக்குச் சாரம் என்று வாசித்ததும் கத்தி நின்றது.

“சாரம் இல்ல.”

“என்ன அம்மா?”

“அவளுக்கு என்ன தெரியும்? நான் விட்டிருப்பேனா? அவ படம் எடுக்காளேன்னு வெள்ள முண்டு எடுத்துக் குடுத்தேன். உடுத்துக்கிட்டுத்தான் இருந்தாவ.”

“அக்கா கண்டிருக்காளே.”

“அவ கண்டா! நான் அடுக்களையில நிண்ணு பாதி கேட்டேன், பெறகு தண்ணி எடுக்கப் போனேன். பச்ச மீனக் காயவச்சுத் தின்னோம்னு ஒனக்க அப்பா சொன்னதும் பொய்யாக்கும். அரிசி இருந்துது. அடுப்பு நனஞ்சு போச்சு, ஊறப்போட்டுத் தின்னாவ. எங்கிட்ட சொன்னது அதாக்கும். கேமராவக் கண்டதும் கத விடுதாவ.”

பெபிஷா சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள் அக்கா. சிரித்துவிட்டு, மீன் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணோரத்தில் செதிள் ஒட்டியது.

அடித்த இடத்தையும் வாசித்தேன். தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அம்மா என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கயிறுன்னு சொன்னியே மக்கா” என்றாள். அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு துண்டு கூடுதலாக வைத்தாள்.

இப்போது தினமும் ஒன்று கேட்கிறாள். “அவ வேற என்ன எழுதியிருக்கா?” இல்லை என்றால் நம்புவதில்லை. சாரமா முண்டா என்று உன்னிடம் நேரில் கேட்க வேண்டுமாம். உங்கள் மடத்தில் பார்க்க விடுவார்களா? நீ துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அன்று நான் வரவில்லை, அம்மாவையும் கூட்டிவரவில்லை. இப்போது வரலாமா?

லிபின்


திண்டுக்கல்,
16 பிப்ரவரி 2025

லிபின்,

வா. வாருங்கள். மதர் அனுமதி தந்துவிட்டார். மார்ச் ஐந்தாம் தேதி விபூதிப் புதன், அன்றிலிருந்து ஈஸ்டர்வரை யாரையும் பார்க்கவோ கடிதம் வாங்கவோ முடியாது. அதனால் மாதம் பிறந்ததும் வந்துவிடுங்கள், சனிக்கிழமை, முதல் தேதி. காலையில் வந்தால் மதியம்வரை பேசலாம்.

நடுவில் கம்பி இருக்கும். அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லிவை, பார்த்ததும் பதறப் போகிறாள். கை உள்ளே வரும் அளவுக்கு இடைவெளி உண்டு. மீன்கறி கொண்டுவராதே என்று அவளிடம் சொல், கேட்கமாட்டாள் என்று தெரியும்.

சாரம்தான்.

விக்டோரியா


இனயம்,
3 மார்ச் 2025

அக்கா,

இது உன் கைக்கு வரும்போது தவக்காலம் தொடங்கியிருக்கும். மதர் ஈஸ்டருக்குத்தான் தருவார். பரவாயில்லை. இப்போதே எழுதாவிட்டால் மறந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

கம்பிக்குள் கைவிட்டு அம்மா உன் முகத்தைத் தடவியபோது நான் வெளியே போனது கோபத்தில் அல்ல. நீ மெலிந்திருக்கிறாய். ஆஷ்லினிடம் நீ பேசிய விதம் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. “விக்டோரியா ஆன்ட்டி ஏன் சிறையில இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். சிறை இல்லை, அவள் வீடு என்றேன். முன்பானால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

ரயிலில் அம்மாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. திருநெல்வேலிவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். உன்னைப் பிரிந்த வருத்தம் என்று நினைத்து நாங்களும் சும்மா இருந்தோம். வள்ளியூர் தாண்டியதும் நான், மனதில் இருந்தது வாயில் வந்துவிட, “அந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் போகாம இருந்தா” என்றேன்.

அம்மா திரும்பினாள்.

“எவ்வளவு நேரம் பேசினாவ அதுல?”

“அரை மணிக்கூறு இருக்கும்னு அக்கா சொன்னா.”

“அர மணிக்கூறு. அதுக்கு ரெண்டுபேரும் கடுதாசி எழுதிக் கரயிதிய. எனக்ககிட்ட எத்தன வருசம் பேசியிருப்பாவ? கடல்ல இருந்து வந்தா ராத்திரி எல்லாம் பேச்சுதான், ஒறங்க விடமாட்டாவ. எங்கிட்ட ஒருத்தன் கேட்டியளா? நீ கேட்டியா? அவ கேட்டாளா?”

ஏழு வருஷமும் அவள் பேசவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேசினால் தாங்கமாட்டாள் என்று, அப்பாவின் பெயரைக்கூட அவள் முன்னால் நாங்கள் எடுத்ததில்லை. அவளும் நமக்குத் தாங்காது என்று நினைத்திருக்கிறாள்.

“இப்பம் கேக்கேன் அம்மா” என்றேன்.

“என்ன கேக்க?”

“என்ன வேணும்னாலும் சொல்லு.”

முதலில் முடியாது என்றாள். பிறகு, பெண் பார்க்க வந்த அன்று அப்பா சட்டைப் பையில் நெத்தோலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி வைத்திருந்ததைச் சொன்னாள். வழியில் சந்தையில் வாங்கினாராம், பிறகு வைக்க இடம் தெரியாமல் பையில் போட்டாராம், வீடு முழுவதும் நாற்றம். அதிலிருந்து நீ பிறந்தது, அதிலிருந்து நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்த அன்று அப்பா ராத்திரி சாப்பிடாமல் கிடந்தது, படிப்பு முடிந்து வந்த என் சர்டிபிகேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது, அங்கிருந்து பின்னால் போய்க் கொச்சியில் வாடகைக்கு இருந்த ஒரு மழைக்காலம். அப்பா பேசுகிற இடம் வந்தால் அவரைப்போலவே இழுத்துப் பேசினாள். எதிர் சீட்டில் இருந்த மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாகர்கோவில் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஆஷ்லின் அம்மாவின் மடியில் தூங்கிப்போனாள்.

ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றபோது பெபிஷா எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, பாறசாலை!” என்றாள். இறங்க வேண்டிய குழித்துறை எப்போது கழிந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவசர அவசரமாக இறங்கினோம். திரும்பிப் போகிற வண்டிக்கு நேரம் இருந்தது. பெபிஷா தேநீர் வாங்கி வந்தாள். அம்மா பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, “எங்க விட்டேன்?” என்றாள்.

“கொச்சியில மழை” என்றேன்.

“ஆங், கேளு” என்றாள்.

லிபின்